கணைய அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிக்கல்: யாருக்கு, ஏன் வருகிறது?

கணையத்தில் அறுவை சிகிச்சை என்று முடிவானதும் குடும்பத்தில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "டாக்டர், ரிஸ்க் எவ்வளவு?" மருத்துவர் ஒரு சதவீதம் சொல்வார். அந்த எண்ணையே நினைத்துக்கொண்டு இரவெல்லாம் தூங்காதவர்கள் உண்டு. ஆனால் அது ஏராளமான நோயாளிகளைச் சேர்த்துக் கணக்கிட்ட சராசரி. உங்கள் அப்பாவுக்கோ அக்காவுக்கோ அது கூடுமா, குறையுமா என்பதைத் தீர்மானிக்கும் காரணங்கள் தனியே இருக்கின்றன. சில நம் கையில் இருக்கின்றன, சில மருத்துவமனையின் கையில். மிகப் பெரிய காரணமோ யார் கையிலும் இல்லை. அதைத் தெரிந்துகொண்டால் தேவையற்ற குற்ற உணர்ச்சியாவது குறையும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் வருவது வேறு, சிக்கலால் உயிர் போவது வேறு. அனுபவம் மிக்க மையங்களில்கூட இன்றைக்கும் பத்துப் பேரில் மூன்று முதல் ஐந்து பேருக்குச் சிறிதோ பெரிதோ ஏதாவது ஒரு சிக்கல் வருகிறது. அதே மையங்களில் இறப்பு விகிதம் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. 1960களிலும் 70களிலும் அது 20 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. சிக்கல்கள் பெரிதாகக் குறையவில்லை. சிக்கல் வந்தவரைக் காப்பாற்றுவதில்தான் மருத்துவம் முன்னேறியிருக்கிறது. இதன் பொருள் என்ன என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கணையம் ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது?

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் குறுக்காகப் படுத்திருக்கிறது. நீளம் ஏறக்குறைய 15 செ.மீ. அதன் தலைப்பகுதியை முன்சிறுகுடல் வளைத்துப் பிடித்திருக்கும். வால் மண்ணீரலைத் தொடும். கல்லீரலிலிருந்து வரும் பித்தநாளம் தலைப்பகுதி வழியாகவே குடலுக்குப் போகிறது. கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் போர்ட்டல் சிரையும், குடலுக்கான முக்கியத் தமனியும் அதன் முதுகை ஒட்டியே ஓடுகின்றன.

இன்சுலின் சுரப்பது கணையத்தின் ஒரு வேலை. மற்றொன்று, நாள்தோறும் ஒரு லிட்டருக்கும் மேல் செரிமான நீரைச் சுரந்து குடலுக்கு அனுப்புவது. அந்த நீரில் புரதத்தையும் கொழுப்பையும் உடைக்கும் நொதிகள் இருக்கின்றன. குடலுக்குள் இருக்கும்வரை அவை உணவைச் செரிக்கும். குடலுக்கு வெளியே, வயிற்றறையில் கசிந்தால் நம் சொந்தத் திசுவையே அரிக்கத் தொடங்கும். தையலையும் அரிக்கும், ரத்தக்குழாயின் சுவரையும் அரிக்கும். கணைய அறுவையில் வரும் பெரிய சிக்கல்களில் பெரும்பாலானவற்றின் வேரைத் தோண்டினால் இந்தக் கசிவில்தான் வந்து நிற்கும்.

கட்டி தலைப்பகுதியில் இருந்தால் செய்யப்படுவது விப்பிள் அறுவை சிகிச்சை. 1909இல் ஜெர்மனியில் வால்தர் காஷ் இதன் ஆரம்ப வடிவத்தைச் செய்தார். 1935இல் அமெரிக்காவில் ஆலன் விப்பிள் தன் முறையை வெளியிட்டார், அவர் பெயரே நிலைத்துவிட்டது. இதில் கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி, சில வேளை இரைப்பையின் ஒரு பகுதி ஆகியவை அகற்றப்படும். பிறகு மிச்சமுள்ள கணையம், பித்தநாளம், இரைப்பை மூன்றையும் சிறுகுடலோடு தனித்தனியாக இணைக்க வேண்டும். மூன்றில் பித்தநாள இணைப்பும் இரைப்பை இணைப்பும் பெரும்பாலும் ஒழுங்காக ஆறிவிடும். கணைய இணைப்புதான் கவலை தருவது.

கட்டி வாலிலோ உடல்பகுதியிலோ இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டி எடுப்பார்கள். பல நேரம் மண்ணீரலும் சேர்ந்து போகும். இங்கே இணைப்பு எதுவும் இல்லை, வெட்டிய முனையை மூடிவிட்டால் போதும். ஆனாலும் அந்த முனையிலிருந்து கசிவு வரும். விப்பிளைவிடக் குறைவாக வருவதில்லை; வந்தால் பொதுவாகக் கொஞ்சம் சாதுவாக இருக்கும், அவ்வளவுதான்.

நல்ல கணையம்தான் கசிகிறது

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள விரும்பினால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

நோயற்ற கணையம் மிக மென்மையானது. அதில் தையல் போடுவது வெண்ணெயில் தையல் போடுவதைப் போன்றது: நூலை இறுக்கினால் திசுவை அறுத்துக்கொண்டு வந்துவிடும். அதன் நடுவே ஓடும் கணையநாளமும் மெல்லியது, இரண்டு மூன்று மி.மீ. மட்டுமே இருக்கும். அவ்வளவு சிறிய துளையைக் குடலின் உட்சுவரோடு பொருத்துவது கடினம். போதாக்குறைக்கு, நலமாக இருக்கும் கணையம் நீரையும் முழு வேகத்தில் சுரக்கும்.

நாள்பட்ட கணைய அழற்சி உள்ளவரின் கணையம் நார்த்திசு ஏறி இறுகியிருக்கும். கணையப் புற்றுநோயால் நாளம் அடைபட்டவருக்கும் அப்படித்தான். அடைப்புக்குப் பின்னால் நாளம் வீங்கி அகலமாகவும் இருக்கும். தையல் பிடித்து நிற்கும், பொருத்துவது எளிது, சுரப்பும் குறைவு. ஆகவே கொடிய நோயோடு வந்தவரின் இணைப்பு அமைதியாக ஆறிவிட, சிறிய, தீங்கற்ற கட்டிக்காக அறுவை செய்துகொண்ட இளைஞருக்குக் கசிவு வருவதைக் காண முடிகிறது. முன்சிறுகுடலில் வரும் கட்டி, பித்தநாளத்தின் கீழ்முனைப் புற்றுநோய், நீர்க்கட்டிகள், ஹார்மோன் சுரக்கும் சிறு கட்டிகள் ஆகியவற்றில் கணையநாளம் பெரும்பாலும் அடைபடுவதில்லை என்பதால் இவர்கள் எல்லோரும் அபாயம் கூடிய பக்கத்தில் நிற்கிறார்கள்.

கவலைக்குரிய அறிகுறி இல்லாத சிறு நீர்க்கட்டியை "இப்போதைக்கு வெட்ட வேண்டாம், ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்போம்" என்று மருத்துவர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த அனுபவ அறிவை 2013இல் ஒரு மதிப்பெண் முறையாக்கினார்கள். ஃபிஸ்டுலா அபாய மதிப்பெண் என்று பெயர்; ஃபிஸ்டுலா என்பது இந்தக் கசிவுக்கான மருத்துவப் பெயர். விப்பிள் அறுவைக்கான அந்த முறையில் நான்கு கேள்விகள்: கணையம் மென்மையா, நாளம் எவ்வளவு அகலம், என்ன நோய், அறுவையின்போது எவ்வளவு ரத்தம் போனது. நாளத்துக்கு மட்டும் 4 மதிப்பெண் வரை உண்டு; 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் பூஜ்யம், 1 மி.மீ. என்றால் முழு 4. மொத்தம் 10க்கு 7ஐத் தொட்டாலே மிக அதிக அபாயம் என்று பொருள். 2019இல் வந்த மாற்று முறை ரத்த இழப்பையும் நோயின் வகையையும் விட்டுவிட்டு உடல் பருமனைச் சேர்த்துக்கொண்டது. மென்மையும் நாளத்தின் அகலமும் இரண்டிலுமே இருக்கின்றன.

நாளத்தின் அகலத்தை சி.டி. ஸ்கேனிலேயே அளந்துவிடலாம். மென்மையை ஓரளவு ஊகிக்கலாம். உறுதியாகத் தெரிவது வயிற்றைத் திறந்து விரலால் தொட்டுப் பார்க்கும்போதுதான். முன்கூட்டியே துல்லியமான எண்ணைச் சொல்ல மருத்துவர் தயங்குவது இதனால்தான். "நாங்கள் சரியாகக் கவனித்துக்கொள்ளவில்லையோ" என்று கசிவு வந்தவரின் வீட்டார் தங்களைக் கடிந்துகொள்வது எனக்கு வருத்தம் தரும் விஷயம். மென்மையான கணையத்தோடு பிறப்பது யாருடைய தவறும் இல்லை.

கசிவு என்றால் எல்லாம் ஒன்றா?

இல்லை. கணைய அறுவைக்கான பன்னாட்டு ஆய்வுக் குழு ஒன்று 2005இல் இதற்கு வரையறை கொடுத்து, 2016இல் திருத்தியது. வயிற்றில் வைத்திருக்கும் வடிகுழாயில் வரும் நீரில் அமைலேஸ் என்ற நொதியை அளப்பார்கள். மூன்றாம் நாளிலோ அதற்குப் பிறகோ அது ரத்தத்தில் இருக்க வேண்டிய உச்ச அளவைப் போல மூன்று மடங்கைத் தாண்டினால் கணைய நீர் கசிகிறது என்று அர்த்தம். அதனால் நோயாளிக்கு எந்தப் பாதிப்பும் இல்லையென்றால் அதைச் சிக்கலாகவே கணக்கிடுவதில்லை. குழாயை மூன்று வாரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டி வந்தாலோ, தேங்கிய சீழை ஊசிவழி வடிக்க நேர்ந்தாலோ அது பி நிலை. உறுப்பு செயலிழப்பு, மறு அறுவை, இறப்பு என்று போனால் சி நிலை. விப்பிளுக்குப் பிறகு பி, சி இரண்டும் சேர்த்துப் பொதுவாக 10 முதல் 20 சதவீதம் பேருக்கு வருகிறது. அதில் பெரும்பகுதி பி நிலைதான். பொறுமை கேட்கும், ஆனால் ஆறிவிடும்.

உடலின் நிலை

கணையத்தை மாற்ற முடியாது. அதைச் சுமக்கும் உடலைக் கொஞ்சம் மாற்றலாம்.

கணைய நோயாளிகள் பலர் அறுவைக்கு வருவதற்குள் இளைத்துப்போயிருப்பார்கள். ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் அதை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைவாக இருந்தால் காயம் ஆறுவது தாமதமாகும், தொற்று எளிதில் வரும். தசை கரைந்திருந்தால் அறுவைக்குப் பின் எழுந்து நடக்கவும் சளியை இருமித் துப்பவும் தெம்பு இருக்காது. தொப்பையில் கொழுப்பும் கைகால்களில் தசைக் குறைவும் சேர்ந்திருப்பவர் வெளித்தோற்றத்துக்குத் தெம்பாகத் தெரிவார். உண்மையில் அவருக்குத்தான் அபாயம் அதிகம். வயிற்றுக்குள் கொழுப்பு மண்டியிருந்தால் கணையத்திலும் கொழுப்பு ஏறி அது இன்னும் மென்மையாகும். அறுவை செய்வதும் சிரமமாகும்.

மலம் எண்ணெய்ப் பிசுக்காக மிதக்கிறது என்றால் கணைய நொதி குடலுக்குப் போகவில்லை என்று பொருள். என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. உணவோடு எடுத்துக்கொள்ளும் நொதி மாத்திரை இதைச் சரிசெய்யும். கேட்காவிட்டால் யாரும் எழுதித் தராமல் போகக்கூடிய மருந்து இது, அதனால் கேளுங்கள். புரதம் கூடிய உணவு, தினமும் நடை, மூச்சுப் பயிற்சி, ரத்தசோகை இருந்தால் அதற்கு மருந்து என்று அறுவைக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களைப் பயன்படுத்திக்கொண்டால் பலன் உண்டு.

புகைப்பவர் அன்றே நிறுத்த வேண்டும். நான்கு வாரமாவது இடைவெளி இருந்தால் நுரையீரல் தொற்றும் காயம் பிரிவதும் குறைகின்றன.

சர்க்கரை நோய் இருக்கிறதே என்று பலர் பயப்படுகிறார்கள். கட்டுப்பாடில்லாத சர்க்கரை காயத்தில் தொற்றைக் கூட்டும், அது உண்மை. ஆனால் கணையக் கசிவைச் சர்க்கரை நோய் கூட்டுவதாகப் பெரும்பாலான ஆய்வுகளில் தெரியவில்லை. வயதும் இப்படித்தான். எண்பதைத் தாண்டியவருக்கு இணைப்பு ஆறாமல் போவதைவிட, சிக்கல் ஒன்று வந்தால் அதைத் தாங்கும் இருப்பு இதயத்திலும் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் குறைவாக இருப்பதுதான் பிரச்சினை. பிறந்த ஆண்டைவிட, துணையில்லாமல் மாடிப்படி ஏற முடிகிறதா, தன் வேலையைத் தானே செய்துகொள்கிறாரா என்பவை நிறையச் சொல்லும்.

மஞ்சள் காமாலையும் ஸ்டென்டும்

கணையத் தலையில் கட்டி என்றால் பித்தநாளம் அடைபட்டு மஞ்சள் காமாலை வரும். முதலில் ஸ்டென்ட் (அடைபட்ட நாளத்தைத் திறந்துவைக்கும் சிறு குழாய்) வைத்துக் காமாலையை இறக்கிவிட்டு அறுவை செய்வது பாதுகாப்பு என்று நெடுநாள் நம்பப்பட்டது. 2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு அந்த நம்பிக்கையை உலுக்கியது. காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின் ரத்தத்தில் மிதமாக உயர்ந்திருந்தவர்களில், நேராக அறுவைக்குப் போனவர்களில் 39 சதவீதத்தினருக்கும், ஸ்டென்ட் வைத்துக் காத்திருந்தவர்களில் 74 சதவீதத்தினருக்கும் கடுமையான சிக்கல்கள் வந்தன. ஸ்டென்ட் வழியாகக் குடலின் கிருமிகள் பித்தத்துக்குள் ஏறிவிடுவதும், ஸ்டென்டே அடைத்துக்கொள்வதும் முக்கியக் காரணங்கள். அப்போது பயன்படுத்தியவை பிளாஸ்டிக் ஸ்டென்டுகள். இப்போதைய உலோக ஸ்டென்டுகள் அவ்வளவு சீக்கிரம் அடைபடுவதில்லை.

அதற்காக ஸ்டென்டே கூடாது என்றில்லை. பித்தநாளத்தில் தொற்று ஏற்பட்டுக் காய்ச்சல் இருந்தாலோ, பிலிருபின் மிக அதிகமாக இருந்தாலோ, முதலில் கீமோதெரபி கொடுக்க வேண்டியிருந்தாலோ அது தேவை. ஸ்டென்ட் வைத்தவருக்கு அறுவையின்போது எந்த ஆன்டிபயாடிக் என்பதும் முக்கியம். 2023இல் வெளியான ஓர் ஆய்வில், வழக்கமான மருந்துக்குப் பதில் பைப்பராசிலின்-டாசோபாக்டம் கொடுத்தபோது அறுவைத் தொற்று ஏறக்குறைய 33 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது.

அறுவை மேசையும் மருத்துவமனையும்

கட்டி போர்ட்டல் சிரையில் ஒட்டியிருந்தால் சிரையின் ஒரு துண்டையும் எடுத்து மறுபடி இணைக்க வேண்டிவரும். நேரம் நீளும், ரத்தம் கூடுதலாகப் போகும், அபாயமும் ஏறும். கணையத்தைச் சிறுகுடலோடு இணைப்பதா, இரைப்பையோடு இணைப்பதா என்ற கேள்விக்குப் பல ஆய்வுகள் நடந்தும் எல்லோருக்கும் இதுதான் சிறந்தது என்று ஒரு முறை வெற்றிபெறவில்லை. மருத்துவருக்குக் கைவந்த முறையே நல்ல முறை.

சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோபி முறை பற்றிப் பலர் கேட்கிறார்கள். வால்பகுதி அறுவைக்கு அது நன்கு பொருந்துகிறது. சீக்கிரம் தேறி வீட்டுக்குப் போகிறார்கள். விப்பிளுக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது. நெதர்லாந்தில் அதைச் சோதித்த ஆய்வில், லேப்ராஸ்கோபி செய்த 50 பேரில் 5 பேரும், வயிற்றைத் திறந்து செய்த 49 பேரில் ஒருவரும் சிக்கல்களால் இறந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தி 2019இல் முடிவை வெளியிட்டார்கள். தழும்பு சிறிதாக இருக்கும் என்பதற்காக மட்டும் இதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

எந்த மருத்துவமனை என்பது இதைவிடப் பெரிய கேள்வி. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கணைய அறுவையை மிக அரிதாகச் செய்யும் மருத்துவமனைகளில் இறப்பு 16.3 சதவீதம், மிக அதிகமாகச் செய்யும் இடங்களில் 3.8 சதவீதம். அறுவையின் பெயர் ஒன்றுதான், இடம்தான் வேறு. நெதர்லாந்தில் ஒரு மருத்துவமனை ஆண்டுக்குக் குறைந்தது 20 விப்பிள் அறுவைகளாவது செய்ய வேண்டும் என்று விதியே கொண்டுவந்தார்கள்.

ஆரம்பத்தில் சொன்ன வேறுபாடு இங்கேதான் பொருள்படுகிறது. அனுபவமுள்ள இடத்திலும் கணையம் கசியும். ஆனால் அங்கே யாராவது ஒருவர் அதை முதல் நாளே மோப்பம் பிடித்துவிடுவார். நெதர்லாந்தின் 17 மருத்துவமனைகளிலும் அறுவைக்குப் பிறகு தினமும் காய்ச்சல், ரத்தப் பரிசோதனை, வடிகுழாய் நீர் ஆகியவற்றைப் பார்த்து, எப்போது ஸ்கேன் எடுப்பது, எப்போது ஆன்டிபயாடிக் தொடங்குவது, எப்போது குழாயை எடுப்பது என்று ஒரே வழிமுறையைக் கடைப்பிடித்தார்கள். ரத்தக்கசிவு, உறுப்பு செயலிழப்பு, இறப்பு மூன்றும் சேர்ந்த விகிதம் 14 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக இறங்கியது. புதிய கருவி எதுவும் இல்லை, கூர்ந்து கவனித்ததன் பலன் அது.

ஆகவே அறுவைக்கு முன் தயங்காமல் கேளுங்கள்: ஆண்டுக்கு எத்தனை கணைய அறுவைகள் செய்கிறீர்கள்? நள்ளிரவில் ரத்தக்கசிவு வந்தால் ரத்தக்குழாய்க்குள் குழாய் செலுத்தி அடைக்கத் தெரிந்த ரேடியாலஜி மருத்துவர் வருவாரா? சீழை ஸ்கேன் உதவியோடு வடிக்கும் வசதி இங்கேயே உண்டா? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

வார்டில் இருக்கும் நாட்களில்

கசிவைப் போலவே அடிக்கடி வருவது இரைப்பை மந்தம். சாப்பிட்டது கீழே இறங்காது, வாந்தி வரும், மூக்குக் குழாயை எடுக்க நாளாகும். சில நேரம் தானாக வரும். சில நேரம் உள்ளே ஒரு கசிவோ சீழோ இருப்பதன் எதிரொலியாக வரும். அதனால் மருத்துவர் ஸ்கேன் கேட்டால் வியப்படைய வேண்டாம். உயிருக்கு ஆபத்து அரிது, பொறுமையைத்தான் சோதிக்கும்.

ரத்தக்கசிவு அரிதாகவே வரும், வந்தால் மிக ஆபத்தானது. முதல் 24 மணி நேரத்தில் வருவது பெரும்பாலும் கட்டிய ரத்தக்குழாய் ஒன்று நழுவியதால். ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்து வருவது, கசிந்த கணைய நீர் தமனியின் சுவரை அரித்ததால். பல நேரம் அதற்குச் சில மணி நேரமோ ஓரிரு நாளோ முன்பே வடிகுழாயில் கொஞ்சம் ரத்தம் எட்டிப்பார்க்கும். அல்லது வாந்தியிலோ மலத்திலோ கொஞ்சம் தெரியும், பிறகு தானே நின்றுவிடும். நின்றுவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது. கணைய அறுவை செய்தவருக்கு இந்தச் சிறு ரத்தம் உடனடியாக ஸ்கேன் எடுக்க வேண்டிய அவசரநிலை. வடிகுழாய் நீர் தெளிவான நிறத்திலிருந்து கலங்கலான பழுப்புக்கோ சாம்பல் நிறத்துக்கோ மாறினாலும் நர்ஸிடம் அப்போதே காட்டுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரங்கள் இதே கவனம் வேண்டும். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, படபடப்பு, கறுத்த மலம், ரத்த வாந்தி இவற்றில் எது வந்தாலும் பக்கத்து கிளினிக்கில் மாத்திரை வாங்கிக் காத்திருக்காமல், அறுவை செய்த மருத்துவமனைக்கே போய்விடுங்கள். மண்ணீரலும் அகற்றப்பட்டிருந்தால் நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் கிருமிகளுக்கான தடுப்பூசிகள் போடப்பட்டனவா என்று டிஸ்சார்ஜ் தாளில் பாருங்கள். முடிந்தால் அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே போடுவது நல்லது. விட்டுப்போயிருந்தால் எப்போது போடலாம் என்று அடுத்த சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.